உட்கார்ந்தால் வரும் சத்தம்

என் மனைவி சீதாலெட்சுமி காப்பாரில் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தாள். கடந்த பிப்ரவரியில் டிங்கிக் காய்ச்சல் வந்து ஆறே நாளில் இறந்துபோனாள். நாற்பத்தெட்டு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளைப் பற்றி எழுதுகிற அளவுக்கு உலகத்தில் அவள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தாள், சனிக்கிழமைகளில் பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டினாள். அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. அவளிடம் சொல்ல இனி வழியில்லை.

அவளுக்கு மனதுக்குள் வாசிக்கத் தெரியாது. நாளிதழை எடுத்தால்கூட உதடு அசையும். கல்யாணமான புதிதில் நான் அதைக் கேலி செய்வேன். தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று பள்ளியில் யாரோ சொன்னதும், கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போனாள். அங்கேதான் புனிதாவைச் சந்தித்தாள். புனிதாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை.

முதல் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுப் புனிதா சொன்னதைச் சீதா வீட்டுக்கு வந்து என்னிடம் நடித்துக் காட்டினாள்.

"அக்கா, வரலாறு நல்லா வாசிக்கிறீங்க. ஆனா முற்றுப்புள்ளி வந்தா நீங்க மூச்சு விடறதே இல்ல. எனக்குத்தான் மூச்சு முட்டுது லா."

அந்தப் பழக்கம் இருபத்திரண்டு வருடம் நீடித்தது. புனிதா தேறினாள், அரசாங்க இலாகா ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்குச் சேர்ந்தாள், பிரிக்பீல்ட்ஸிலேயே பழைய அடுக்குமாடி ஒன்றின் முதல் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். வாசிக்கப் பாடப் புத்தகம் எதுவும் இல்லாமல் போன பிறகும் சீதா போய்க்கொண்டிருந்தாள்.

சைக்கிள் வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். ஒரு நாள் புனிதா சொன்னாளாம்: "மோட்டார்ல பின்னால உக்காந்தா காத்து நல்லாத்தான் அடிக்குது. ஆனா அது என் வேகம் இல்ல. யாரோட வேகத்தையோ நான் ஓசியில வாங்கிக்கிறேன்."

சீதா அதை மறக்கவில்லை. பங்சாரிலிருந்து ஊரைக் காலி செய்துகொண்டு போகிற ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி இருவர் ஓட்டும் சைக்கிள் ஒன்றை விற்கிறார்கள் என்று எங்கோ பார்த்துவிட்டு, என்னிடம் கேட்காமலேயே வாங்கிவிட்டாள். டேண்டம் என்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி மிதி, இரண்டையும் இணைக்கிற சங்கிலி. முன்னால் இருப்பவர் திருப்புவார், பிரேக் பிடிப்பார். பின்னால் இருப்பவர் மிதிப்பார், அவ்வளவுதான். முன்னால் மிதி சுற்றினால் பின்னாலும் சுற்றியே ஆகும். முன் ஹேண்டல் பந்தயச் சைக்கிளில் இருப்பதுபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். சீதாவுக்கு அந்த வளைவு ரொம்பப் பிடித்திருந்தது. குனிந்து பிடித்துக்கொண்டால் தனக்கு இருபது வயது என்பாள்.

சைக்கிளைப் புனிதாவின் அடுக்குமாடியில் கீழே மின்தூக்கிக்குப் பக்கத்தில் பூட்டி வைத்தார்கள். ஞாயிறு காலை ஆறு மணி ரயிலில் சீதா கிள்ளானிலிருந்து கிளம்பிவிடுவாள். நகரத்தின் நடுச் சாலைகளைச் சில மணி நேரம் வண்டிகளுக்கு மூடிவைக்கிற நாட்களில் அவர்கள் அங்கே சுற்றுவார்கள். மற்ற நாட்களில் பங்சார் பக்கம் ஏறி இறங்குவார்கள். பின்னால் இருப்பவருக்குக் கண் தெரியாது என்பதால் முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பள்ளம், மேடு, இடது பக்கம், நிற்கப்போகிறோம், ஒரு பூனை, சிவப்பு விளக்கு, ஒரு கல்யாண ஊர்வலம், மாப்பிள்ளை தூங்கி வழிகிறார். வீட்டில் அதிகம் பேசாத சீதா அந்த இரண்டு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவாள். ஒரு முறை புனிதா என்னிடம் போனில் சொன்னாள்: "அண்ணே, அக்கா ஒரு வாரத்துப் பேச்ச எனக்குன்னு சேத்து வச்சுக்கிட்டு வராங்க." நான் சிரித்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

போன வருடம் மே மாதம் பங்சார் இறக்கத்தில் தூறலில் வந்துகொண்டிருந்தபோது சிவப்பு விளக்கு விழுந்தது. சீதா இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தாள். கிறீச்சென்று சத்தம்தான் வந்தது, வண்டி நிற்கவில்லை. அவள் ஓரத்துப் புல்மேல் ஏற்றிச் சாய்த்துவிட்டாள். புனிதாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. இருவரும் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"நிக்கிறோம்னு சொன்னாங்க அண்ணே," என்றாள் புனிதா. "அப்புறம், நிக்கலன்னு சொன்னாங்க. அப்புறம், சாயிறோம்னு சொன்னாங்க. மூணும் கரெக்டா சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு மெக்கானிக்கல் டிப்ளோமா உண்டு. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறேன். அந்தப் படிப்பு இல்லாதிருந்தால் சைக்கிளை நேராக ஒரு கடையில் கொண்டுபோய் விட்டிருப்பேன். இருந்ததால் நானே உட்கார்ந்து படித்தேன்.

அந்தச் சைக்கிளின் சட்டத்தில் டிஸ்க் எனப்படும் தட்டுப் பிரேக் பொருத்த இடமில்லை. சக்கரத்தின் ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பரால் கவ்வுகிற பிரேக்தான் போட முடியும். அதில் பழையது கேண்டிலீவர் என்கிற வகை. மலைச் சைக்கிள்களில் வருகிற வி-பிரேக் அதைவிடப் பலமானது, கவ்வுகிற கை நீளமானது, இரண்டு பேர் எடையையும் நிறுத்தும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். நல்லதாகவே ஒரு ஜோடி வாங்கினேன். அதே திருகில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் ஹேண்டலில் இருக்கிற பிரேக் பிடியை அழுத்தினால் பஞ்சை அழுத்துவது போல் உள்ளே போய் ஹேண்டலையே தொட்டுவிட்டது. ரப்பர் ரிம்முக்கு வந்து சேருவதற்குள் பிடி தீர்ந்துவிடுகிறது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ரப்பர்களை ரிம்முக்கு மிக நெருக்கமாக, ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி மட்டும் விட்டு வைத்தேன். இப்போது பிடி கெட்டியாக இருந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். எங்கும் படாமல் நீளமாகச் சுற்றியது. நானே முன்னால் உட்கார்ந்து கீழ்த்தளத்தில் இரண்டு சுற்று ஓட்டினேன். டக்கென்று நின்றது.

"இனிமே சாயமாட்டீங்க," என்றேன்.

சீதா பிடியை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏங்க, இத நீங்களேவா செஞ்சீங்க?" என்றாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தால் வழக்கத்தைவிட அதிகமாகக் களைத்திருந்தாள். சாப்பிடாமல் படுத்துவிடுவாள். கேட்டால், "வயசாயிடுச்சுங்க. முன்ன மாதிரி இழுக்க முடியல. அவ எளசு, அவள இழுத்துக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல," என்றாள். ரத்தப் பரிசோதனை செய்தோம். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு என்றார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஜூலைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் விட்டுப்போயின. ஒரு வாரம் சீதாவுக்குப் பள்ளி வேலை. ஒரு வாரம் புனிதாவுக்கு முட்டி வலி. ஒரு வாரம் மழை வரும் போலிருந்தது, வரவில்லை. போனில் பேசிக்கொண்டார்கள். ஆனால் வெளியே போவதைப் பற்றி இருவரும் பேசவில்லை. சீதா போனை வைத்துவிட்டு, "இந்த வாரமும் அவளுக்கு முடியலையாம்," என்று சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதிக்காகவே தன்மேல் அவளுக்குக் கோபம் வரும். இப்படி ஏழு மாதம். பிறகு பிப்ரவரி.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புனிதா பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோலைத் தட்டிக்கொண்டு தனியாக ரயிலில் வந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். நான் ஒரு கோப்பை தே-ஓ, பாலில்லாத் தேநீர், கொண்டுவந்து கையில் கொடுத்தேன்.

"அண்ணே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"ஒண்ணு கேக்கணும். எனக்காக நல்லதா மாத்திச் சொல்லக்கூடாது." கோப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அக்கா என்னைய விட்டுட்டாங்களா?"

"என்னம்மா பேசுற?"

"எனக்குக் கண்ணுதான் இல்ல. காது இருக்கு. கடைசியில ஓட்டுன அந்த ஒரு மாசம் நான் ஏறி உக்காந்தாப் போதும், பின் வீல்ல ஸ்ஸ்… ஸ்ஸ்னு ஒரு சத்தம். நான் எறங்கிட்டா இல்ல. அக்கா தனியாத் தள்ளிக்கிட்டு வந்தா இல்ல. நான் உக்காந்தா மட்டும். தைராய்டு வந்ததுலேருந்து பதினோரு கிலோ ஏறிட்டேன் அண்ணே. என் எடையில டயர் நசுங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அவங்க முன்னால மூச்சு வாங்குறது கேக்குது. பேசறதக் கொறச்சுட்டாங்க. பள்ளம், திருப்பம், அவ்ளோதான். சரி, நம்மள இழுக்க முடியாமக் கஷ்டப்படறாங்க, வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்கன்னு, நானே முட்டி வலின்னு சொன்னேன். ஒரு தடவையாச்சும், பரவால்ல வா புனின்னு கூப்பிடுவாங்கன்னு பாத்தேன். கூப்பிடல."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவளுக்கும் உடம்பு முடியல," என்றேன்.

எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற பதில் அது. புனிதா தலையை ஆட்டினாள். "சரிண்ணே. நீங்க சொல்ற விதத்துலயே புரியுது," என்றாள். எழுந்து மடக்குக் கோலை விரித்துக்கொண்டு, "அந்தச் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. லிஃப்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. தெனம் கை படுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் வருகிறது, இறங்கினால் நின்றுவிடுகிறது. காற்று குறைந்த டயர் அப்படிச் சத்தம் போடாது என்று எனக்குத் தெரியும். வேறு எது என்று யோசிக்க மனம் வரவில்லை. யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்று உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும். மூன்று வாரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஒரு சிறிய லோரி பிடித்துச் சைக்கிளைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து அத்னானின் கடையில் இறக்கினேன்.

அத்னான் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். எங்கும் படாமல் சுற்றியது.

"சத்தம் ஒண்ணும் இல்லையே பாஸ்."

"பின்னால ஆள் உக்காந்தாத்தான் வருமாம்."

"அப்ப உக்காருங்க."

நான் தயங்கினேன். இத்தனை வருடத்தில் அந்தப் பின் இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அத்னான் முன்னால் ஏறிக்கொண்டு, "கால மிதியிலேருந்து எடுக்கக்கூடாது. நான் மிதிச்சா நீங்களும் மிதிக்கணும், நான் நிறுத்துனா நீங்களும் நிறுத்தணும். கல்யாணம் மாதிரின்னு வச்சுக்கங்க," என்றார். சீதா போன செய்தி நினைவுக்கு வந்து உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கண்ணே. வாய் சும்மா இருக்காது."

கடைக்குப் பின்னால் லோரிகள் நிற்கிற காலி இடத்தில் ஓட்டினோம். பின்னாலிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. சட்டையில் வியர்வை பரவுவது தெரிகிறது. வேறு எதுவும் தெரியவில்லை. பத்து கஜம் போகும் முன்பே எனக்குக் கீழே சத்தம் வந்துவிட்டது. ஸ்ஸ். ஒரு சுற்று. ஸ்ஸ். இன்னொரு சுற்று. கால் கனத்தது. சமதரையில் ஏதோ ஏற்றத்தில் போவது போலிருந்தது.

அத்னான் நிறுத்திவிட்டுக் குனிந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்க ரப்பர் ஒன்று ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது.

"யாருண்ணே இந்த பிரேக்கப் போட்டது?"

"நான்தான்."

அத்னான் நிமிர்ந்தார். ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது நல்ல பிரேக்குதாண்ணே. ஆனா இது நேர் ஹேண்டல்ல வர்ற பிடிக்குன்னு செஞ்சது. அந்தப் பிடிய அழுத்துனா கேபிள் நெறைய இழுக்கும். இந்த வளைஞ்ச ஹேண்டல்ல இருக்கிற பிடி அதுல பாதி மாதிரிதான் இழுக்கும். இந்தப் பிடிக்கும் இந்த பிரேக்குக்கும் ஒத்துக்காது. அதனாலதான் நீங்க ரப்பர ரிம்மோட ஒட்டி வச்சிருக்கீங்க. வேற வழி இல்ல உங்களுக்கு."

"நான் சுத்திப் பாத்தேனே. படவே இல்ல."

"ஆள் இல்லாமச் சுத்திப் பாத்தீங்க. ரெண்டு ஆள் உக்காந்து மாத்தி மாத்தி மிதிக்கும்போது பின் வீல் கொஞ்சம் அப்படி இப்படி வளையும். எல்லா வண்டியிலயும் வளையும். எடம் இருந்தாப் படாது. நீங்க எடமே விடல. நாலு ஸ்போக்கு வேற தளந்துகெடக்கு, அதனால இன்னும் வளையும். பிரேக்கப் புடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்காங்கண்ணே, பாவம்."

பங்சார் ஏற்றத்தில் சீதா அதை இழுத்துக்கொண்டு ஏறியதை நினைத்தேன். பின்னால் புனிதா தன் எடையை நினைத்துக்கொண்டு மிதித்ததையும் நினைத்தேன். காதில் காற்றும் முன்னால் வண்டிகளும் இருந்ததால் சீதாவுக்குச் சத்தம் கேட்கவில்லை, கனம் மட்டும் தெரிந்தது. புனிதாவுக்குச் சத்தம் கேட்டது. கேட்டதை இவள் சொல்லவில்லை, கனத்ததை அவள் சொல்லவில்லை.

"பழைய பிரேக்கு எங்க?" என்றார் அத்னான்.

"பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன்."

"கேண்டிலீவர்தானே? அது இந்தப் பிடிக்கு ஒத்துப்போற சாமான். ரப்பர் காஞ்சு கல்லாயிருக்கும், அதான் நிக்கல. மேல குறுக்க ஒரு கேபிள் போகும்ல, அதக் கொஞ்சம் எறக்கிக் கட்டி, புது ரப்பர் போட்டிருந்தா…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே வழிகளைச் சொன்னார். ஹேண்டலை நேராக மாற்றி, அதற்கேற்ற பிடி போட்டால் இதே வி-பிரேக்கை வைத்துக்கொள்ளலாம். அந்த வளைந்த ஹேண்டலைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. கேபிளின் நடுவே ஒரு சின்ன உருளை வைத்து இழுப்பைக் கூட்டலாம். ஆனால் இரண்டு உயிர் ஏறிப்போகிற வண்டியில் கெட்டுப்போக இன்னொரு சாமான் எதற்கு என்று அவரே தள்ளிவிட்டார். பிறகு இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று கை குட்டையான வி-பிரேக். மினி-வி என்றார். இன்னொன்று கேண்டிலீவர்.

"ரெண்டும் இந்தப் பிடிக்கு ஒத்துக்கும். மினி-வி நல்லாக் கடிக்கும், போடறது சுலபம். ஆனா அதுலயும் ரப்பர் கிட்டத்துலதான் நிக்கும். உங்க அளவு இல்ல, இருந்தாலும் கிட்டத்துல. கேண்டிலீவர் விரிஞ்சு நிக்கும். சரியாக் கட்டறதுக்குள்ள எனக்கு உசுரு போகும், ஓட்டற ஆளுக்கும் கையில கொஞ்சம் பலம் வேணும். யாரு ஓட்டப்போறா?"

"தெரியாது."

"பின்னால?"

"பின்னால உக்காரப்போறவங்க, அந்தச் சத்தம் தன்னாலதான் வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

அத்னான் மினி-வி பெட்டியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார். "அப்ப எடம் விட்டுத்தான் போடணும்," என்றார்.

முழு நாள் ஆனது. ஸ்போக்குகளை இழுத்து வீலை நேராக்கினார். முன்னும் பின்னும் கேண்டிலீவர் மாட்டினார். குறுக்குக் கேபிளை இறக்குவதும், பிடியை அழுத்திப் பார்ப்பதும், தலையை ஆட்டிவிட்டு மறுபடி அவிழ்ப்பதுமாக இருந்தார். கடைசியில் என்னை மறுபடியும் பின்னால் உட்காரவைத்து மூன்று சுற்று ஓட்டினார். டயர் மண்ணில் நெரிகிற ஓசை மட்டும் இருந்தது. வேகமாகப் போய்ப் பிடித்தபோது இருவரும் முன்னால் சரிந்து நின்றோம்.

புனிதாவுக்குப் போன் செய்தேன்.

"சைக்கிளக் கொண்டு வரேன்மா."

"எதுக்கு? வேணாம்னுதானே சொன்னேன்."

"ஒரே ஒரு தடவ உக்காந்து பாக்கணும் நீ. முன்னால ஓட்ட யாராச்சும் இருக்காங்களா?"

"ருக்சார்னு எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு. சைக்கிள் பைத்தியம். ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கா. நான்தான் என் எடையத் தாங்காதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அந்த ஞாயிறு காலை அடுக்குமாடி வாசலில் சைக்கிளை இறக்கினேன். ருக்சார் முப்பது வயதுப் பெண், தலைத்துணிக்கு மேல் ஹெல்மெட் மாட்டியிருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் பிடியை அழுத்திப் பார்த்து, "சூப்பர் அங்கிள்," என்றாள். புனிதா கோலோடு இறங்கி வந்தாள். அவளைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எந்த பிரேக்கை வாங்கினேன், ஏன் ஒத்துப்போகவில்லை, ஆள் உட்காராமல் எப்படிச் சோதித்தேன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். டயர் இல்லை, எடை இல்லை, என் கை வேலை என்று சொன்னேன்.

புனிதா கோலை மடக்கினாள். நேராகச் சைக்கிளிடம் போய்ப் பின் இருக்கையைத் தடவிக் கண்டுபிடித்து ஏறினாள்.

"பத்து நிமிஷத்துல வந்துருவோம் அங்கிள்," என்றாள் ருக்சார். "ரெடி ஆன்ட்டி. ஒன், டூ…"

புறப்பட்டார்கள். பூக்கடைகள் இருக்கிற திருப்பம் வரை தெரிந்தார்கள். நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். எனக்குச் செய்ய வேறு எதுவும் இல்லை. கோயிலிலிருந்து மணிச் சத்தம் வந்தது. வாழையிலைக் கடைக்குக் காய்கறி இறக்கினார்கள். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமாயிற்று.

திரும்பி வரும்போது ருக்சார் ஏதோ சொல்ல, புனிதா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. அந்தச் சிரிப்பை ஒரு வருடமாக நான் கேட்கவில்லை. இறங்கியதும் ருக்சார் தண்ணீர் வாங்கப் போனாள். நான் எழுந்தேன். செருப்புச் சத்தத்தில் புனிதா திரும்பினாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"இன்னும் இங்கதான் இருக்கீங்களாண்ணே?"

"ஆமாம்மா."

"சத்தம் இல்ல." இருக்கைமேல் கையை வைத்தபடியே நின்றாள். "பங்சார் மேடு முழுக்க ஏறுனோம். அந்தப் பொண்ணு பேசிக்கிட்டே ஏறுனா. ஒரு தடவகூட இல்ல."

"உன்னால ஒண்ணும் இல்லம்மா."

"அது புரிஞ்சுது. அக்கா என்ன நெனச்சாங்க? அதச் சொல்லுங்க. வீட்டுல உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"அவ எளசு, அவள இழுத்துக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்லன்னு சொன்னா. உன்ன ஏமாத்தறோம்னு அவளுக்குக் கவல. நீ முட்டி வலின்னு சொன்னா அவளுக்கு நிம்மதியா இருக்கும். அந்த நிம்மதிக்காக அவமேலேயே அவளுக்குக் கோவம் வரும்."

புனிதா இருக்கையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"என்னாலதான்னு இருந்தப்ப, வேற வழி இல்லன்னு இருந்துச்சு அண்ணே. என் ஒடம்பு, என் தலையெழுத்துன்னு வச்சுக்கிட்டேன். இப்ப நீங்க வந்து, ஒரு சின்ன சாமான்னு சொல்றீங்க. ஒரு நாள் வேல. முப்பது ஞாயித்துக்கிழம இருக்கும். ரெண்டு பேரும் போன்ல பொய் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தோம்."

நான் பின் சக்கரத்து ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க கெளம்புங்கண்ணே. நான் கொஞ்ச நாள் கோவமா இருக்கணும். உங்கமேலயா, அவங்கமேலயா, என்மேலயா தெரியல. தெரிஞ்சதும் போன் பண்றேன்."

அவள் கோபமாகப் பேசவில்லை. அலுவலகத்தில் அழைப்பை மாற்றிக் கொடுக்கிற குரலில்தான் சொன்னாள். நான் ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

இது நடந்து ஏழு வாரமாகிறது. ருக்சார் வாரம் தவறாமல் ஞாயிறு மதியம் ஒரு செய்தி அனுப்புகிறாள். இன்று எத்தனை கிலோமீட்டர், எங்கே சாப்பிட்டார்கள் என்று இரண்டு வரி இருக்கும். சென்ற வாரம், முன் ரப்பர் தேய்கிறது, எந்த வகை வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அத்னானிடம் கேட்டு, நீளமான, மெத்தென்ற வகை, பெயர் முதற்கொண்டு எழுதி அனுப்பினேன். மாட்டும்போது இருவரும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறுக்கச் சொல்லியும் எழுதினேன்.

புனிதா இன்னும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், முட்டி வலி என்று பொய் சொல்ல மாட்டாள், கோபம் யார்மேல் என்று நேராகவே சொல்வாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் நான் கூப்பிடவில்லை.